முதல் வாய்

அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. முதல் வாய் அம்மாவுக்கு. சோறும் பருப்பும் பிசைந்து வைத்த தட்டிலிருந்து சின்னவன் தன் கையாலேயே ஒரு கரண்டி அள்ளி அவள் வாய்க்கு நேரே நீட்டுவான். தட்டின் எந்த ஓரத்திலிருந்து அள்ளுவான் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவள் மென்று விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான். அம்மா சாகவில்லை என்று உறுதியான பிறகுதான் கை தட்டுக்குப் போகும்.

அந்தக் காலத்து ராஜாக்கள் இதற்கென்றே ஆள் வைத்திருந்தார்களாம். அந்த ஆளுக்குச் சம்பளமாவது கிடைத்திருக்கும். இவளுக்குக் கிடைத்ததெல்லாம் ஆறிப்போன சோறுதான்.

சின்னவன் ஒன்றும் முட்டாள் இல்லை. அச்சகத்தில் பிழை பார்க்கும் வேலையில் இருந்தவன். பக்கம் முழுக்க ஒரே ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் அவன் கண்ணில் மாட்டிக்கொள்ளும். அந்தக் கண்தான் ஒருநாள் திடீரென்று வீட்டுப் பக்கம் திரும்பியது. மாடி வீட்டு பஸ் டிரைவர் தண்ணீர்த் தொட்டியில் விஷம் கலக்கிறார் என்றான். குழாயில் சத்தம் வருவது அதற்குத்தான் என்றான். ஆஸ்பத்திரியில் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சாப்பிட்டவரை பிள்ளை பிள்ளையாக இருந்தான். பிறகு மாத்திரையையும் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று நிறுத்திவிட்டான். சோற்றையாவது தின்று காட்டலாம். மாத்திரையைத் தின்று காட்ட முடியுமா?

வாசற்படி தாண்டாதவன் அவன். ஆனால் கயிறு விழுந்தது அவள் காலில். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற வேலை அவளுக்கு. மத்தியானம் ஆனதும் பெட்டியை நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும், இல்லாவிட்டால் அவன் பட்டினி. வெளியூர் என்ற பேச்சே கிடையாது. வெளியூரில் கட்டிக்கொடுத்த மூத்த மகள் பெரியவளுக்குக் குழந்தை பிறந்து அது தவழவும் ஆரம்பித்துவிட்டது. பாட்டிக்காரி அதை போனில்தான் பார்த்திருக்கிறாள். "ஒரு பிள்ளைக்கு மட்டும்தான் நீ அம்மாவா?" என்று பெரியவள் கேட்டாள். இருதலைக் கொள்ளி எறும்பு எந்தப் பக்கம்தான் ஓடும்?

யோசனை சொன்னதும் அந்தப் பெரியவள்தான்.

"மாத்திரையைப் பொடி பண்ணி பருப்புல கலந்துடும்மா. அவனுக்குத் தெரியவா போகுது?"

"தெரியாமக் குடுக்காதீங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரேடி. நம்பிக்கை போயிட்டா அப்புறம் ஒட்ட வைக்கறது கஷ்டம்னு."

"டாக்டரா வந்து வீட்டுல உட்கார்ந்திருக்கார்? நீதானே கிடந்து சாகறே!"

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? ஒருநாள் காலையில் செய்துவிட்டாள். சத்தம் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு, பூரிக்கட்டையால் மாத்திரையை நசுக்கினாள். சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று அவன் சொன்னபோதெல்லாம் பொய் என்று சத்தியம் செய்தவள் அவள். இன்றைக்கு அதை அவளே உண்மையாக்கிக்கொண்டிருந்தாள்.

சரி, செய்ததுதான் செய்தாள், வீட்டுச் சட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டாமா! முதல் வாய் யாருக்கு? அதிலும் பருப்பு லேசாகக் கசக்க ஆரம்பித்ததும் அவனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. ஒரு கரண்டி இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் ஏது? பிள்ளைக்குப் போட்ட மருந்தில் பாதி அம்மா வயிற்றுக்குள் போயிற்று.

அன்று கடையில் இஸ்திரி மேஜை முன்னால் நின்றபடியே அவளுக்குக் கண் சொருகியது. யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் இஸ்திரிப் பெட்டி அப்படியே உட்கார்ந்து தன் உருவத்தைப் பழுப்பாக வரைந்துவிட்டு எழுந்தது.

"என்னக்கா, நின்னுக்கிட்டே தூங்கறீங்க! சட்டை போனாப் போகுது, கை போயிருந்தா? வீட்டுக்குப் போய்ப் படுங்க," என்று கடைக்காரர் அனுப்பிவிட்டார்.

வீட்டிலும் படுக்க விடவா போகிறது வயிறு? சின்னவனுக்குப் பசி. பிசைந்து வைத்தாள், பொடியோடுதான். கரண்டி வந்தது. விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டினாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். காலையில் தின்றது, இப்போது தின்றது, எத்தனையோ மாத அலுப்பு, எல்லாம் சேர்ந்து அவள் தலையை மேஜைமேல் சாய்த்துவிட்டன.

அவளுக்குக் காது மட்டும் கேட்டது. நாற்காலி விழுந்தது. "அம்மா! அம்மா!" அவள் கன்னத்தைத் தட்டினான். பதில் சொல்ல நாக்கு புரளவில்லை. வாசல் தாழ்ப்பாள் விலகியது. அந்தத் தாழ்ப்பாளை அவன் தொட்டு எத்தனை காலம்! போகட்டும், தெருவில் போய்க் கத்தினாலாவது யாராவது வருவார்கள் என்று அரைத் தூக்கத்தில் நினைத்தாள். ஆனால் காலடிச் சத்தம் தெருவுக்குப் போகவில்லை. படியேறி மேலே போனது. பஸ் டிரைவரின் கதவு படபடவென்று தட்டப்பட்டது.

அவள் கண்ணைத் திறந்தபோது டிரைவர் பனியனோடு எதிரே நின்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சின்னவன், கைகளைக் கூப்பியபடி.

"எங்கம்மாவை விட்டுடுங்க சார். மாத்து மருந்து இருந்தாக் குடுங்க. இனிமே அந்தத் தொட்டித் தண்ணியை நானே குடிக்கிறேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என்னை என்ன வேணா பண்ணுங்க."

"ஐயோ, நான் என்னப்பா பண்ணினேன்?" டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

களைப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் அம்மாவுக்கு விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பயத்தோடு அவன் காலம் முழுக்கக் கிடப்பான். பாவம் அந்த மனுஷனும் கொலைகாரனாகவே நிற்பார். உண்மையைச் சொன்னாலோ, அவன் நம்புகிற ஒரே ஆளும் இல்லாமல் போய்விடும்.

"அவர் ஒண்ணும் பண்ணலப்பா. இது விஷம் இல்ல, உன் மாத்திரை. நான்தான் பருப்புல போட்டேன். நானேதான்."

அவன் அவளைப் பார்த்தான். அச்சுத்தாளில் பிழையைப் பார்ப்பதுபோல நின்று நிதானமாகப் பார்த்தான். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா சொல்லுங்கக்கா, நான் லீவு போட்டுக் கூட வரேன்," என்று சொல்லிவிட்டு டிரைவர் படியேறிப் போனார். அதற்குப் பிறகு அன்று முழுக்க அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மூடிய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். 'போச்சு, கடைசியாக இருந்ததையும் என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன்' என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

காலையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. அவன் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மாத்திரை எங்கே?"

எடுத்துக் கொடுத்தாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பேர் போட்டிருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"இது என்கிட்டயே இருக்கட்டும். சோத்துல போடாதே."

"போட மாட்டேன்டா. சத்தியமா."

மாத்திரையைச் சாப்பிடுவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்க அவளுக்குத் தைரியமும் இல்லை. தட்டில் ரொட்டியை வைத்தாள். அவன் ஒரு துண்டு பிய்த்தான். பழக்கம் விடுமா? அவள் தன்னையறியாமல் வாயைத் திறந்தாள்.

அவன் கை நீளவில்லை. ரொட்டித் துண்டைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டான். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. மெல்ல மென்று விழுங்கிவிட்டு, மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தான். அவள் கை தட்டை நோக்கிப் போனதும் தடுத்தான்.

"அவசரப்படாதே. கொஞ்ச நேரம் இரும்மா."

அவள் இருந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை. மேலே குழாய் கடகடத்தது. அவன் நிமிர்ந்து மேலே பார்த்தான், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றான் கடைசியில், தட்டை அவள் பக்கம் தள்ளி. "இப்போ நீ சாப்பிடு."

ரொட்டி இன்னும் சூடாக இருந்தது.