சோத்துக்கைப் பக்கம்

"கீழ யார் பேரைப் போடறது?" என்று அவன் கேட்டான்.

"உங்க பேரையே போடுங்க. கடை உங்களோடதுதானே," என்றாள் மனைவி, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே.

"ஓடினது நீயாச்சே."

"ஓடினது காலு. காலுக்கெல்லாமா பேரு போடுவாங்க?"

இருவரும் சிரித்தார்கள். ஆறு வருடத்துக்கு முந்தைய பேச்சு அது. அவள் விளையாட்டாகச் சொன்னாளா, மனதாரச் சொன்னாளா என்று அவன் மறுபடி கேட்கவில்லை. கேட்கப்போய் பதில் மாறிவிட்டால் என்ன செய்வது?

அவனுடையது ஓட்டக் காலணிகள் விற்கும் கடை. ஒரு ஜோடி வாங்கினால் ஒரு பாதை அட்டை இலவசம். ஒரு பக்கத்தில் கையால் வரைந்த படம், மறுபக்கத்தில் வழி. கால்வாய்க் கரையில் எத்தனை தூரம், எந்தப் பாலத்தடியில் காட்டுக்குள் நுழைய வேண்டும், குன்றில் எந்த இடத்தில் மூச்சு வாங்கும், எங்கே நாய் குரைக்கும் என்பதுவரை இருக்கும். அடியில் 'ஓடிப் பார்த்து எழுதியவர்' என்று அவன் பெயர். மூன்றாவது அட்டை வந்தபோது வாடிக்கையாளர்கள் அவனைக் கோச் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் கடைசியாக ஓடியது கல்லூரி நாளில், கிளம்பிவிட்ட ஒரு பஸ்ஸுக்குப் பின்னால். அதையும் பிடிக்கவில்லை.

ஓடியதெல்லாம் அவள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை அவளுக்கு. வாரம் முழுக்க ஊசியும் குப்பியுமாக உட்கார்ந்திருப்பவள், சனிக்கிழமை விடிந்ததும் காணாமல் போவாள். திரும்பி வந்து குளித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதையைப் பரப்புவாள். நீளக் கரண்டி கால்வாய், உப்புக் குப்பி மதகு, கவிழ்த்த கிண்ணம் குன்று. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கை எந்தப் பக்கம் போகிறதோ அதைப் பார்த்து எழுதுவான். முடித்ததும் "எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க" என்பாள். படிப்பான். ஒன்றிரண்டு இடம் திருத்துவாள். அப்படித்தான் பதினோரு அட்டைகள் தவறில்லாமல் வந்தன.

சில நாள் எல்லாம் முடிந்து கரண்டிகளை எடுத்து வைக்கும்போது, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்று ஆரம்பிப்பாள். அவன் நிமிர்ந்து பார்த்தால், "ஒண்ணுமில்ல, விடுங்க," என்று உள்ளே போய்விடுவாள். அவனும் விட்டுவிடுவான். தன் பெயரைப் போடச் சொல்லத்தான் வாயெடுக்கிறாள் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்தும் ஒருமுறைகூட 'என்ன' என்று கேட்காமல் இருந்தது, பின்னால் நினைத்தபோது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

ஏனென்றால் கோச் என்ற சொல் அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது. "அந்த ஏத்தத்துல எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று யாராவது கேட்டால், "காலைப் பாருங்க, உச்சியைப் பாக்காதீங்க," என்று மனைவி சொன்னதை அப்படியே சொல்வான். சொல்லிச் சொல்லி, அந்த ஏற்றத்தில் தானே மூச்சிரைத்தது போலத் தோன்றத் தொடங்கியது.

பன்னிரண்டாவது அட்டைக்கு மேசையில் கரண்டி வைக்க நேரமில்லை. அச்சகத்துக்கு அன்றே கொடுத்தாக வேண்டும். அவள் தலை வாரிக்கொண்டே அறைக்குள்ளிருந்து சொன்னாள், அவன் வெளியே கதவோரம் நின்று எழுதினான். கால்வாய்க் கரை முடிந்ததும் காட்டுக்குள் போக வேண்டும், கருகிய அடிமரம் வரும், அங்கே சோத்துக்கைப் பக்கம் திரும்ப வேண்டும். அவன் 'வலது' என்று எழுதினான்.

"படிச்சுக் காட்டுங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"பதினோரு அட்டை போட்டவனுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, பாட்டு டீச்சர் கடைக்கு வந்தார். ஒரு கையில் ஊன்றுகோல், இடது கணுக்காலில் பெரிய கட்டு. ஐம்பது வயதுக்கு மேல் ஓட ஆரம்பித்தவர் அவர். முதல் ஜோடியை இங்கேதான் வாங்கினார், அவன் சொன்ன பேச்சை நம்பி. பன்னிரண்டாவது அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். அடிமரத்தில் வலது பக்கம் திரும்பியிருக்கிறார். கொஞ்ச தூரத்தில் பாதை சரிந்து, கைவிட்ட கல்குவாரியின் விளிம்பில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. சரளைக்கல் வழுக்கிவிட்டது. ஒரு புதரைப் பிடித்துக்கொண்டதால் கணுக்காலோடு போயிற்று. இல்லாவிட்டால் முப்பதடிப் பள்ளம்.

அவர் கோபப்படவில்லை. அட்டையை மேசைமேல் வைத்து, "கோச், நீங்க ஓடினப்ப அங்க வேலி எதாவது இருந்துச்சா? அதுக்கப்புறம் பிடுங்கிட்டாங்களோன்னு கேக்கலாம்னு வந்தேன்," என்றார். அந்த நம்பிக்கைதான் அவனை என்னவோ செய்தது. கல்லாவில் இருந்த அவன் தங்கை நிமிர்ந்து பார்த்தாள். காலணி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் திரும்பினார்கள். அவனுக்குக் காது சுட்டது.

"அது வந்து டீச்சர்... பாதை சொன்னது என் வீட்டுக்காரி. அவதான் தப்பாச் சொல்லிட்டா."

ஆறு வருடத்தில் அந்தக் கடையில், பாதை பற்றிய பேச்சில், அவன் மனைவியைக் குறிப்பிட்டது அதுதான் முதல் தடவை. வார்த்தை வெளியே வந்தபிறகுதான் தலையைத் திருப்பினான். சரக்கு அறை வாசலில் அவள் நின்றிருந்தாள், மார்போடு நான்கு பெட்டிகளை அணைத்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு ஒத்தாசைக்கு வருவது அவள் வழக்கம்.

பெட்டிகளைக் கீழே வைத்தாள். டீச்சரின் காலைப் பார்த்துவிட்டு, அட்டையை எடுத்துப் படித்தாள்.

"நான் எந்தப் பக்கம் சொன்னேன்?"

"சோத்துக்கைப் பக்கம்னு சொன்னியே," என்றான் அவன்.

அவள் தன் இடது கையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். எழுதுவது, ஊசி போடுவது, சாப்பிடுவது எல்லாம் அந்தக் கைதான். சின்ன வயதில் எவ்வளவோ அடி வாங்கியும் மாற்றிக்கொள்ளவில்லை என்று கல்யாணமான புதிதில் அவளே சொல்லியிருக்கிறாள்.

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. "கல்யாணமாகி எத்தனை வருஷம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பதினாலு."

"ஒரே மேசையிலதானே சாப்பிடறீங்க?"

காலணி பார்க்க வந்தவர்களில் ஒருவர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். தங்கை கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "உன் நாக்குல நரம்பே இல்லையாண்ணா? அண்ணி ஓடறா, நீ கோச்சாயிட்டே. கால் உடைஞ்சதும் அண்ணி பேரு ஞாபகம் வந்துடுச்சாக்கும்," என்றாள். அவளுக்கு எப்போதும் அண்ணி பக்கம்தான்.

தரை பிளந்தால் உள்ளே போயிருப்பான். பிளக்கவில்லை. ஊன்றுகோலின் ரப்பர் முனையையே பார்த்துக்கொண்டு அவன் பேசினான்.

"டீச்சர், நான் அந்தப் பாதைல போனதே இல்ல. எந்த அட்டைப் பாதைலயும் போனதில்ல. எல்லாம் இவ ஓடினது. இவ சரியாத்தான் சொன்னா. படிச்சுக் காட்டுன்னும் சொன்னா. நான்தான் பெரிய இவனாட்டம் எழுதிட்டேன்."

டீச்சர் அவனை விட்டுவிட்டு அவன் மனைவியிடம், இந்தக் கால் ஆறியதும் எந்தப் பாதையில் மறுபடி ஆரம்பிக்கலாம் என்று கேட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கால்வாய்க் கரையில் சமதளமாக ஓடும் நாலாவது பாதையைச் சொல்லிக்கொடுத்தாள். அவன் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எட்ட நின்றான்.

மதியம் கடையைச் சாத்தியபிறகு மிச்சமிருந்த அட்டைகளை இரண்டு பேரும் திருத்தினார்கள். கொண்டுபோனவர்களுக்கெல்லாம் தங்கை தொலைபேசியில் சொல்லி முடித்துவிட்டுக் கிளம்பியிருந்தாள். 'வலது' என்பதை அடித்து, மேலே 'இடது'. அவள் இடது கையால் எழுதினாள், அவன் வலது கையால். எதிரெதிரே அல்ல, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில் முழங்கைகள் அடிக்கடி இடித்துக்கொண்டன. பதினான்கு வருடமாக இடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அவன்தான் கையை நகர்த்திக்கொண்டான்.

கடைசியில், அடுத்த முறை அச்சடிக்கும்போது பன்னிரண்டு அட்டையிலும் அவள் பெயரைப் போடுவதாகச் சொன்னான்.

"போடுங்க," என்றாள். முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

அவன் பேனாவை மூடினான். "நீ ரொம்ப நாளா ஒண்ணு கேக்க வருவே. நான் என்னன்னு கேட்டதே இல்ல. இதுதானே?"

"இதில்ல."

"பின்ன என்ன? சொல்லு."

அவள் கையிலிருந்த அட்டையைத் திருத்தி முடித்து அடுக்கில் வைத்தாள். அவனைப் பார்க்காமல் சொன்னாள்.

"எத்தனை பாதை எழுதிட்டீங்க. நான் ஓடி நீங்க பாத்ததே இல்ல. ஒரு நாள் காலைல கால்வாய்க் கரையில வந்து நில்லுங்க. நான் ஓடி வர்றதைப் பாருங்க."