ஈட்டிக்காரரின் பக்கத்துக் கட்டம்

வக்கீலின் வீரன் நீள ஈட்டி வாங்கிய நாளிலிருந்து ஆட்டத்தில் பேச்சு கூடியது. குத்து குறைந்தது.

ஞாயிறு மதியம் பல் டாக்டரின் கிளினிக் விடுமுறை. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மேஜையை இழுத்துப் போட்டு, கட்டம் போட்ட தாளை விரித்து ஆடுவார்கள். கதையைச் சொல்வதும் எதிரிகளை நகர்த்துவதும் டாக்டர். மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். வக்கீலின் ஈட்டி வீரன் ஒரு பேனா மூடி. அவர் மச்சினியின் வைத்தியக்காரி ஒரு சதுரங்க ராணி. லிஃப்ட் மெக்கானிக்கின் திருடன் போன வாரமே செத்துவிட்டதால் அவர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

அரக்கன், பிளாஸ்டரில் வார்த்த யாரோ ஒருவரின் கீழ்த்தாடை. ஆயுதம் இல்லை. அவன் கை பக்கத்துக் கட்டம்வரைதான் எட்டும். நிறைய அடிபட்டுத் தள்ளாடிக்கொண்டிருந்தான்.

வைத்தியக்காரிக்கும் இன்னும் ஓர் அடிக்குத்தான் உயிர் மிச்சம். மச்சினி அவளை வருடக்கணக்கில் வளர்த்திருந்தாள். செத்தால் வெறுங்கையோடு, முதல் படியிலிருந்து, வேறொருத்தியைத் தொடங்க வேண்டும்.

"நான் அந்தக் கதவுகிட்ட போயிடறேன்," என்று, பேனா மூடிக்குப் பின்னால் தாளின் ஓரத்தில் வரைந்திருந்த கதவைக் காட்டி ராணியைத் தொட்டாள்.

"எங்க போற? என் பக்கத்துலயே நில்லும்மா. என் ஈட்டி ரெண்டு கட்டம் பாயும். கிட்ட வந்தான்னா குத்திருவேன்."

"நிச்சயமாவா அத்தான்?"

"சட்டம் படிச்சவன் சொல்றேன்."

"அதான் பயமா இருக்கு," என்றார் மெக்கானிக்.

அவள் ராணியைப் பேனா மூடியை ஒட்டி வைத்தாள்.

டாக்டர் தாடையை நகர்த்தினார். ஈட்டி எட்டும் கட்டத்துக்குள் அது வந்ததுமே வக்கீல் பகடையைக் குலுக்கினார்.

"குத்துறேன்."

"எதுக்கு?"

"உள்ள வந்துட்டானே."

"உள்ள வர்றவனுக்குக் கிடையாது. உங்களுக்கு எட்டுற தூரத்த விட்டு வெளிய போறவனுக்குத்தான் இலவசக் குத்து. விதி அதான், எல்லாருக்கும்."

தாடை பேனா மூடியைச் சுற்றிக்கொண்டு ராணியை நோக்கிப் போனது.

"சுத்திப் போறானே. இப்ப?"

"இன்னும் உங்களுக்கு எட்டுற இடத்துலதான இருக்கான். ஈட்டி நீளம். அதுக்குள்ள அவன் எங்க வேணா போலாம்."

"காலாற நடக்கச் சொல்லி இடம் விட்ட மாதிரி இருக்கு," என்றார் மெக்கானிக்.

வக்கீல் எழுந்து நின்றார். "விதியோட நோக்கம்னு ஒண்ணு இருக்கு."

நோக்கத்தைப் பற்றி அவர் பேசிய நேரத்தில் இரண்டு வாய்தா வாங்கியிருக்கலாம். திறந்த வாய்களோடு பழகியவர் டாக்டர். பொறுமையாகக் காத்திருந்தார். வாய் மூடியதும் பகடையை உருட்டினார்.

வைத்தியக்காரி செத்தாள்.

மச்சினி ராணியைப் படுக்க வைத்தாள்.

"அடிச்சிட்டு ஓடறான்," என்று டாக்டர் தாடையைத் தள்ளிக்கொண்டே போனார். "இப்ப உங்க ஈட்டிய விட்டு வெளிய போறான். இப்ப குத்தலாம்."

வக்கீல் உருட்டினார். நல்ல எண் விழுந்தது. அரக்கன் சாய்ந்தான்.

"பாத்தீங்களா. ஒரே குத்து. ஈட்டின்னா இதான்." தம் தோளைத் தாமே தட்டிக்கொள்ளாத குறை.

"அவங்க கதவுகிட்ட நின்னிருந்தா, அவங்ககிட்ட போக அவன் உங்கள தாண்டி வெளிய போயாகணும்," என்றார் டாக்டர். "இதே குத்து அப்பவே விழுந்திருக்கும்."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க பேசிட்டு இருந்தீங்க."

வக்கீல் மச்சினியிடம் திரும்பினார். "விடும்மா. வேற ஆள் செஞ்சுக்கலாம். எந்த மாதிரி ஆளுன்னு நானே பாத்துச் சொல்றேன்."

அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு டாக்டரின் பக்கம் போய் உட்கார்ந்தாள். "அடுத்த அரக்கன நான் நகர்த்தட்டுமா டாக்டர்?"

டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு மேல்தாடையை எடுத்துக் கொடுத்தார். முன்பற்கள் இரண்டு இல்லை. இவன் கையும் பக்கத்துக் கட்டம்வரைதான். அவள் முறை வந்ததும் அதைக் கொண்டுபோய்ப் பேனா மூடியோடு முட்ட வைத்தாள். அடிக்கவில்லை. "அவ்ளோதான்," என்றாள்.

"இவ்ளோ கிட்ட நின்னா எப்படி? ஈட்டிக்கு இடம் வேணும்," என்றார் வக்கீல். "நான் ரெண்டு கட்டம் பின்னால போறேன்."

போகவும் போனார்.

மெக்கானிக் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வெளிய போறீங்க அத்தான்," என்று மச்சினி பகடைக்குக் கை நீட்டினாள்.