நீலிக்கு ஒரு மெழுகுப் பூச்சு

மறுநாள் காலையில் தங்கைக்குப் பதிவுத் திருமணம். அக்காவுக்கோ விடிந்ததிலிருந்து தரையில் கால் பாவவில்லை. அதற்குக் காரணம் கல்யாணம் அல்ல, கார்.

மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை அழைத்துப் போக நீளமான வெள்ளைக் கார் ஒன்றை வாடகைக்குப் பேசியிருந்தார்கள். "நம்ம வண்டி இருக்கும்போது வாடகை வண்டி எதுக்கு?" என்று அக்கா குதித்தாள். அம்மா வாசலில் நின்ற நீலக் காரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுக்கு ஒரு மூஞ்சியா? அழுது வடியுது. இருட்டுறதுக்குள்ள அதுல என் முகம் தெரியணும். தெரிஞ்சா உன் வண்டியிலயே அனுப்புறேன். தெரியலேன்னா வெள்ளை வண்டிதான். அப்புறம் மூக்கைச் சிந்திக்கிட்டு வராதே."

அம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சொன்ன சொல்லில் அரை மார்க் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள்.

நீலி என்று காருக்குப் பெயர் வைத்ததும் அவள்தான். கேக் கடையில் கிரீம் பூசிப் பூசிச் சேர்த்த சம்பாத்தியத்தில் அக்கா அந்தப் பழைய காரை வாங்கி வந்து நிறுத்திய நாளில், அதன் வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. "பாரு, வந்ததும் வராததுமா நீலிக் கண்ணீர் வடிக்குது. இந்த டப்பாவுல நான் ஏறவே மாட்டேன்" என்றாள் அம்மா. ஒழுகல் மறுநாளே சரியாகிவிட்டது. பெயர் நிலைத்தது, சபதமும் நிலைத்தது. கொட்டுகிற மழையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பாளே தவிர, நீலியில் கால் வைக்க மாட்டாள். பிடிவாதத்துக்குப் பரிசு கொடுக்கிற வழக்கம் இருந்தால் வீட்டில் அலமாரி போதாது.

தங்கை அப்படியில்லை. பரீட்சைக்குப் போனது, பல் பிடுங்கப் போனது, முதல் வேலைக்கு நேர்முகம் போனது, எல்லாமே நீலியில்தான். போகும்போது பதற்றம், வரும்போது சிரிப்போ அழுகையோ, எதுவானாலும் ஓட்டியவள் அக்காதான். அப்படியிருக்க, நாளைக்கு மட்டும் யாரோ ஒரு டிரைவர் அவளைக் கூட்டிக்கொண்டு போவதா? அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. உடனே சித்தப்பாவைக் கூப்பிட்டாள்.

சித்தப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். "பூச்சு வேலையா? விடு, ஜமாய்ச்சுடலாம்!" என்று வந்து குதித்தார். இருவரும் நீலியிலேயே உதிரிபாகக் கடைக்குப் பறந்தார்கள்.

கடையில் ஒரு சுவர் முழுக்க மெழுகு. டப்பா, பாட்டில், ஸ்ப்ரே என்று கண்ணைப் பறித்தன. சித்தப்பா ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து மோந்து பார்த்து, ஏதோ புரிந்தவர்போலத் தலையாட்டினார். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்.

"ஸ்ப்ரே சுலபம்மா, ஆனா நாலு மழைக்குத் தாங்காது. பாட்டில்ல இருக்கறது பாலிஷ், கீறலைத் தேய்ச்சு எடுக்கும், அவ்வளவுதான். கருநீலத்துக்கு இந்த டப்பா மெழுகுதான் சரி. கை கழண்டுடும், ஆனா பளபளப்பு உள்ளேயிருந்து வர்ற மாதிரி இருக்கும்."

அக்கா மூடியைத் திறந்தாள். உள்ளே இளமஞ்சளாக, வழவழவென்று, சமமாக உறைந்து கிடந்தது. விரலால் ஒரு தொடு தொட்டாள். அசல் வெண்ணெய் கிரீம். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"சித்தப்பா, இதுதான்! இது நம்ம சரக்கு!"

"ஒரு நிமிஷம் கேட்டுக்கோங்க," என்றார் கடைக்காரர். "நிழல்ல நிறுத்துங்க. தொட்டும் தொடாம பூசுங்க. ஒரு கதவு பூசினா அதைத் துடைச்சுட்டு அப்புறம் அடுத்த கதவு..."

"தம்பி, இந்த ஊர்ல பாதிச் சுவர் நான் பூசினது. எனக்கே பாடமா?" என்றார் சித்தப்பா. அக்கா அதற்குள் காரில் ஏறி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நீலியைக் குளிப்பாட்டித் துவட்டினார்கள். கறுப்பு ரப்பர் ஓரங்களில் மெழுகு ஏறினால் வெள்ளையாக நின்றுவிடும் என்று சித்தப்பா காகித டேப்பை மயிரிழை பிசகாமல் ஒட்டினார். அந்த ஒரு வேலைக்காக அவரைப் பாராட்டியே ஆகவேண்டும். பாராட்டு அத்தோடு சரி.

பிறகு பூச்சு தொடங்கியது. கிரீம் குறைந்தால் கேக் வாங்கியவர் சண்டைக்கு வருவார். பூச்சு குறைந்தால் சுவரில் பழைய சாயம் பல்லிளிக்கும். ஆக இரண்டு பேருக்குமே தொழிலில் கை தாராளம். அக்கா அள்ளி அள்ளி அப்பினாள், சித்தப்பா இழுத்து இழுத்துத் தேய்த்தார். கதவு கதவாக நிறுத்தித் துடைப்பதாவது? கூரையில் ஆரம்பித்து டிக்கி வரைக்கும் ஒரே மூச்சில் முடித்தார்கள். உச்சி வெயில் நேரே நீலியின் தலைமேல் நின்றது. தள்ளி நின்று பார்த்த அக்கா கையைத் தட்டினாள்.

"அப்படியே ஐசிங் போட்ட மாதிரி இருக்கு சித்தப்பா!"

ஐசிங் போலவே அது காய்ந்தும் போனது. துணியை வைத்துத் தேய்த்தால் துணி வழுக்கிக்கொண்டு போனதே தவிர மெழுகு அசையவில்லை. அழுத்தித் தேய்த்தால் கோடு கோடாக இழுத்தது. சித்தப்பா பனியனைக் கழற்றித் தேய்த்தார். பனியன்தான் கிழிந்தது. கருநீலக் கார் சுண்ணாம்பு அடித்த கோழிக்கூடு போல நின்றது.

ஜன்னலில் அம்மாவின் தலை தெரிந்தது. "பலே! மெழுகுவர்த்தி ஒண்ணுதான் பாக்கி, ஏத்தி ஊதிடலாம். வெயில் இறங்கட்டும், ஃபோன் என் கையிலதான் இருக்கு."

அக்கா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். "நான்தான் சித்தப்பா அவளைக் கூட்டிட்டுப் போகணும். வேற எதுவும் எனக்கு வேணாம்," என்று சொல்லும்போதே கண்ணீர் கொட்டியது. வெறும் மார்போடு நின்ற சித்தப்பா, கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கிழிந்த பனியனை நீட்டினார்.

அப்போதுதான் மணப்பெண் படியிறங்கி வந்தாள். தலையில் துண்டு, முகம் முழுக்கப் பச்சையாக ஏதோ குழம்பு. இன்றைக்கு அவள்மேல் தூசி படக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. நீலியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை பாக்கறவ வீட்டுக்குள்ள இருக்கேன், ஒரு வார்த்தை கேட்டியா? எழுந்திரு, முதல்ல வண்டியை நிழலுக்குத் தள்ளலாம்."

மூன்று பேருமாகச் சுவர் ஓரத்துக்குத் தள்ளினார்கள். தங்கை விரல் நுனியில் துளி மெழுகை எடுத்து, காய்ந்து கிடந்த பூச்சின் மேலேயே மெல்லத் தடவினாள்.

"ஐயையோ, மறுபடியும் மெழுகா?" என்று அலறினார் சித்தப்பா.

"லென்ஸ்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் பசையை அதே ஸ்டிக்கரால ஒத்தித்தான் எடுப்போம் சித்தப்பா. புதுசு பட்டா பழசு இளகும்," என்றாள் அவள். பையிலிருந்து, கண்ணாடி வாங்குகிறவர்களுக்குக் கடையில் கொடுக்கும் துடைக்கிற துணியில் ஒன்றை உருவினாள். காயவிடாமல் சுழற்றித் துடைத்தாள்.

உள்ளங்கை அகலத்துக்கு நீலம் திறந்தது. பழைய நீலமா அது! கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததுபோல அவ்வளவு ஆழம். அதற்குள்ளிருந்து பச்சை முகத்தோடு தங்கை கண்ணடித்தாள். அக்கா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது.

அப்புறம் யாருக்கு நிற்க நேரம்? தங்கை துளித்துளியாகத் தடவிக்கொண்டே முன்னால் போனாள். அக்கா உடனுக்குடன் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தாள். சித்தப்பா துணியைத் திருப்பிக் கொடுத்து, உதறிக் கொடுத்து, "இந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!" என்று கத்தினார். ஒரு கதவு முடிந்தால்தான் அடுத்த கதவு. கடைக்காரர் சொன்னதை இப்போது சித்தப்பா தான் கண்டுபிடித்த சட்டம்போல முழங்கினார். தங்கையின் முகப்பூச்சு வியர்வையில் கழுத்துக்கு வழிந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்படவே இல்லை.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது அம்மா ஃபோனோடு வந்தாள். மூவரும் பரீட்சை எழுதிய பிள்ளைகள்போல வரிசையாக நின்றார்கள். அம்மா நீலியை ஒரு சுற்றுச் சுற்றினாள். முன்பக்கம் குனிந்தாள். பானெட்டுக்குள் அவள் முகம் தெரிந்தது, நெற்றியில் விழுந்த நரைமுடிகூடத் தெரிந்தது. அதை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். அவள் தோளுக்குப் பின்னால், அதே நீலத்துக்குள், இரண்டு மகள்களும் ஒருத்தி கையை ஒருத்தி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அம்மா நிமிர்ந்து கதவுப் பக்கம் வந்தாள். கைப்பிடியின் குழிக்குள் வெள்ளையாக ஒரு பொட்டு மெழுகு! அக்கா அவசரமாகத் துணியைத் தேடினாள்.

அம்மா இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். நுனியை விரலில் சுற்றி, குழிக்குள் விட்டு, அந்தப் பொட்டைத் தானே துடைத்து எடுத்தாள். பிறகு ஃபோனைக் காதில் வைத்தாள்.

"சம்பந்தியம்மா, நாளைக்கு அந்த வெள்ளை வண்டி வேணாம். நம்ம வண்டியே இருக்கு."

நம்ம வண்டி! அக்கா தன் காதையே நம்பாமல் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் கதவு திறந்து சாத்துகிற சத்தம் கேட்டது. முன் சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்ன வேடிக்கை? நாளைக்கு இது என் இடம். ஏறு, தெருமுனை வரைக்கும் ஒரு தடவை ஓட்டிக் காட்டு."

சாவி எந்தக் கையில் இருக்கிறது என்பதே அக்காவுக்கு மறந்துபோயிற்று.