பட்டாளத்துக் கல்லறையின் காலைப் பெரட்டு

பதுளைப் பட்டாளத்துக் கல்லறையில் அடக்கமாகியிருந்த முப்பத்தெட்டு வெள்ளைக்காரர்களும் 1887ஆம் வருடம் தை மாதத்திலிருந்து நாள் தவறாமல் காலைப் பெரட்டுக்குப் பேர் சொல்லி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுப்பு. அவர்களைக் கூப்பிட்டவள் அங்கே புல் பிடுங்கிக்கொண்டிருந்த வேலாயி. தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலையில் தப்புப் பறை அடித்து, ஆட்களை வரிசையில் நிறுத்தி, கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். அந்தப் பெரட்டு முடியாமல் யாரும் மலையேறக் கூடாது. வேலை என்றால் பெரட்டு உண்டு என்றுதான் வேலாயிக்குத் தெரியும். கல்லறையில் அவளைத் தவிர ஆள் இல்லாததால், படுத்திருந்தவர்களைக் கூப்பிட்டாள்.

அவர்கள் அங்கே வந்து படுத்த கதை பழையது. இலங்கை மலைநாட்டு ஊவாவில் கலகம் அடங்கிய கையோடு பதுளையில் கோட்டை கட்டி உட்கார்ந்த பட்டாளத்தில் குண்டுபட்டுச் செத்தவர்களைவிடக் காய்ச்சலில் செத்தவர்களே அதிகம். முதலில் கோட்டைக்குப் பின்னால் கிடைத்த இடத்தில் புதைத்தார்கள், நரிகள் தோண்டிப்போட்டன. 1823இல் ஒரு பட்டாளத்து டாக்டர் கடுங்கோபம் கொண்டு, ஆளுயரத்துக்குக் கருங்கல் சுவர் எழுப்பி, இரும்புக் கதவு போட்டு, செத்தவர்களை அணிவகுப்பில் நிற்பதுபோலவே வரிசையாகப் படுக்கவைத்தார். அடுத்த வருடமே அவரும் ஏழாவது ஆளாக வரிசையில் சேர்ந்துகொண்டார். மரச்சிலுவைகளைக் கறையான் தின்றது, கல் நட்டார்கள்; கல்லில் பாசி படர்ந்தது, சுரண்டினார்கள். கடைசியில் பட்டாளம் மூட்டை கட்டிக்கொண்டு கண்டிக்குப் போனபோது, செத்தவர்களுக்கு மட்டும் புறப்படச் சொல்லி உத்தரவு வராததால் அவர்கள் தங்கிவிட்டார்கள்.

வேலாயி திருச்சிப் பக்கத்துக்காரி. புருஷன் மாடசாமி மன்னாரிலிருந்து நடந்து வந்த வழியிலேயே பேதி கண்டு போய்ச் சேர்ந்தான். மகள் இராக்கம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கூலிகள் குடியிருக்கும் லயத்தில் ஒரு காம்பரா பிடித்தாள். இராக்கம்மாவுக்கு ஐந்து வயது முடிந்ததும், பிள்ளையின் பேரையும் பெரட்டில் சேர்க்கச் சொன்னார் கங்காணி. பெரட்டில் பேர் விழுந்தவள் கண்மூடும்வரை மலையேற வேண்டும் என்பது வேலாயிக்குத் தெரியும். அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வேறு. என் பிள்ளை பேரை எந்த வாயும் பெரட்டில் கூப்பிடக் கூடாது என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டு, லயத்தை விட்டுக் கிளம்பிவிட்டாள். இரண்டு நாள் மழையில் நடந்து பதுளைக்கு வந்தபோது, கல்லறைச் சுவரோரம் பிள்ளையின் மூச்சு நின்றது. வெளியே புதைத்தால் நரி விடாது. சுவருக்கு உள்ளே நரி வராது. பதினேழாம் கல்லுக்கும் பதினெட்டாம் கல்லுக்கும் நடுவே கையாலேயே தோண்டிப் புதைத்துவிட்டு, அதைச் சுற்றி முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரசாங்க வேலைகளை மேற்பார்க்க அந்த வழியே வந்த ஓவசியர், இப்படியொரு ஆளை யாரோ வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள் போல என்று எண்ணி, அவளுக்கு ஒரு மண்வெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கற்களில் எழுதியிருந்த பேர்களை வாசித்துச் சொன்னவர் இப்றாஹீம். கடைவீதியில் தையற்கடை வைத்திருந்தார். வெள்ளைக்காரர்களுக்குச் சட்டை தைத்துத் தைத்து இங்கிலீசு படித்தவர். ஒரே மத்தியானத்தில் முப்பத்தெட்டையும் மனப்பாடம் செய்த வேலாயி, மறுநாள் விடியலில் தன் வாய்க்கு வந்தபடி கூப்பிட்டாள். ஆண்டர்சன் ஆண்டியானார், தாமஸ் தொம்மாசானார். அவர்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. முதல் பேருக்கே மண்ணுக்கடியிலிருந்து, குடத்துக்குள் வாய் வைத்துப் பேசுகிறமாதிரி, "சார்" என்று பதில் வந்தது. அவளுடைய ஆயுளில் அதுவரை யாரும் அவளுக்கு மரியாதையாகப் பதில் சொன்னதில்லை. மீதி முப்பத்தேழு பேரையும் கூப்பிட்டு முடித்தாள்.

ஊர் முதலில் கூடிப் பார்த்தது. பாதிரியார் வந்து ஜெபம் செய்தார். அவருக்கும் சேர்த்து "ஆமென்" என்று மண்ணுக்குள்ளிருந்து சொன்னார்கள். ஒரு வருடத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. முப்பத்தெட்டாவது "சார்" கேட்டதும் கடைவீதியில் பலகைகளைத் திறந்தார்கள். ஒன்பதாம் கல்லுக்காரர் எப்போதும் தாமதம், வேலாயி அவரை வாய்க்கு வந்தபடி ஏசுவாள். ஐப்பசி மழையில் பலர் இருமினார்கள், அவள் கொத்தமல்லி கஷாயம் காய்ச்சி மண்ணில் ஊற்றினாள். புல் பிடுங்கியபடியே தன் கஷ்டத்தையெல்லாம் அவர்களிடம் சொன்னாள். 1914இல் யுத்தச் செய்தி பதுளைக்கு வந்த மறுநாள், அவள் வாய் திறக்குமுன்பே அத்தனை பேரும் ஒரே குரலில் பேர் சொன்னார்கள். கடைவீதியே எழுந்து நின்றது. இராக்கம்மாவின் பேரை மட்டும் அவள் ஒருநாளும் கூப்பிடவில்லை. பதினேழாம் பேருக்கும் பதினெட்டாம் பேருக்கும் இடையில் ஒரு கணம் நிறுத்துவாள், அவ்வளவுதான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிணுங்கல்கூட வந்ததில்லை. பிள்ளை அங்கே தனியாகக் கிடக்கிறதோ என்ற பயம் முப்பத்துநாலு வருடம் அவளை அரித்தது.

1921இல், சிப்பாய்களின் கல்லறைகளைக் கணக்கெடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு கேப்டன் துரை வந்தார். இடது கை இல்லாதவர். அவர் கையிலிருந்த பட்டியலில் முப்பத்தெட்டுப் பேர். தரையில் கல்லில்லாத சின்ன மேடு ஒன்று கூடுதலாக இருந்தது. பட்டாளத்து மண்ணில் பட்டாளத்தைச் சேராத யாரும் இருக்கக் கூடாது, நாளைக் காலையில் தோண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும் என்றார். கெட்ட மனிதர் இல்லை. பிரான்சில் அவருடைய ஆட்களில் பாதிப்பேரின் உடல்கள்கூடக் கிடைக்கவில்லை; அதனால் பட்டியலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். வேலாயி அந்த மேட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். நரைத்துப்போயிருந்த இப்றாஹீம்தான் நடுவில் வந்து, அது அவள் பிள்ளை என்று இங்கிலீசில் விளக்கி, "நாளைக்குப் பெரட்டு முடியட்டும் தொரை, அதுக்குப் பொறவு தோண்டலாம்" என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் விடியலில் மண்வெட்டியோடு இரண்டு ஆட்கள் காத்திருந்தார்கள். வேலாயி பேர் கூப்பிட்டாள். மூன்றாவது "சார்" வந்தபோது கேப்டன் தொப்பியைக் கழற்றினார். இருபதாவதில் நிமிர்ந்து விறைப்பாக நின்றார். முப்பத்தெட்டும் முடிந்தபின் பட்டியலை ஒருமுறை சரிபார்த்தார். பிறகு இப்றாஹீமிடம் சொன்னார்: பெரட்டுக்குப் பேர் சொல்கிற ஒருவரையும் வரிசையிலிருந்து நீக்க எனக்கு அதிகாரம் இல்லை. அந்தப் பிள்ளையையும் கூப்பிடச் சொல். பதில் வந்தால் எழுதிக்கொள்கிறேன்.

இப்றாஹீம் அதைத் தமிழில் சொன்னதும் வேலாயி அவரைப் பார்த்தாள், மண்வெட்டிக்காரர்களைப் பார்த்தாள். "வேலைக்கில்லடி தாயி, பேருக்குத்தான்" என்று மேட்டைப் பார்த்து முணுமுணுத்தாள். சத்தியம் செய்த வாயாலேயே கூப்பிட்டாள்.

"இராக்கம்மா."

பதில் இல்லை. கேப்டன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். காற்று நின்றது. சுவருக்கு வெளியே போன வண்டி ஒன்றின் மாட்டு மணி மட்டும் கேட்டது. அப்போது பதினேழாம் கல்லின் கீழிருந்து, ஸ்கொட்லாந்துச் சார்ஜண்ட் ஒருவரின் கட்டைக்குரல், வேலாயியிடம் முப்பத்துநாலு வருடம் கேட்டுப் பழகிய தமிழில், மெதுவாகச் சொன்னது:

"புள்ள தூங்குது ஆத்தா. எழுப்பாதீங்க. நாங்க பாத்துக்கிறோம்."

பதினெட்டாம் கல் "ஆமாங்க" என்றது.

வேலாயி அப்படியே மண்ணில் சரிந்து, இத்தனை வருடத்து அழுகையையும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். என்ன சொன்னார்கள் என்று கேப்டன் கேட்டார். இப்றாஹீம் அவர் காதருகே குனிந்து சொன்னார். கேப்டன் பட்டியலைத் தொடையில் வைத்து முப்பத்தொன்பதாவது வரியில் பேரை எழுதினார், பக்கத்தில் 'உறக்கம், பெரட்டிலிருந்து விலக்கு' என்று குறித்தார். பிறகு பூட்ஸைக் கழற்றி ஒற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, சரளைக்கல் சத்தம் எழாதபடி அடிமேல் அடிவைத்து வெளியே போனார். மண்வெட்டிக்காரர்களும் அப்படியே போனார்கள்.

அன்றிலிருந்து அந்தச் சுவரைக் கடக்கிற வண்டிக்காரர்கள் இறங்கி, மாட்டின் கழுத்து மணியைக் கையால் பொத்திக்கொண்டு நடக்கிறார்கள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.