எல்லாம் இருக்கிற ஆஸ்பத்திரி

நோயாளியாக நடிப்பது என் பிழைப்பு. நாடகமேடை கைவிட்ட பிறகு, வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கு சிலியில் உரிமம் கொடுக்க நடத்தும் செய்முறைத் தேர்வில் நெஞ்சுவலிக்காரியாகப் படுத்துக்கொள்கிறேன். அறைக்கு ஒரு நோயாளி; கேட்டதற்கு மட்டும்தான் பதில். நானாக ஏதாவது எடுத்துக்கொடுத்தால் அந்த அறையின் மதிப்பெண் ரத்து. வாயை அடக்குவது எனக்கு எவ்வளவு பெரிய பாடு என்று என்னோடு குடித்தனம் நடத்தியவர்களைக் கேட்டால் தெரியும்.

அன்று வந்தவள் யோலெய்டா, வெனிசுவேலாவின் மரக்காய்போ நகரத்துக்காரி. அங்கே பதினான்கு வருடம் அவசரப் பிரிவில் இருந்தவள், இங்கே மருந்துக்கடையில் பெட்டி சுமக்கிறாள். "இந்தத் தடவையும் போச்சுன்னா இனிமே என்னால முடியாதுடி" என்று அவள் வராந்தாவில் போனில் அழுததைக் கேட்டிருந்தேன்.

"என்ன செல்லம், எங்க வலிக்குது?" என்றாள்.

அடேயப்பா, என்ன கை அது! இரண்டு கையிலும் நாடி பார்த்தாள், கழுத்தைத் தடவினாள், கால் வீக்கம் பார்த்தாள், நெஞ்சில் குழாய் வைத்து நிதானமாகக் கேட்டாள். ஆறாவது நிமிடத்தில் "மாரடைப்பு" என்றாள். சரியான விடை.

"வெளிய உங்க ஆளுங்க இருக்காங்களா? கையுறை, ஊசி, ஆஸ்பிரின் எல்லாம் வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

மூலையில் உட்கார்ந்து மதிப்பெண் போடும் தேர்வாளர் இதுர்ரா பேனாவையே எடுக்கவில்லை. ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை என்று வாய்விட்டுச் சொன்னால்தான் மதிப்பெண். அவள் ஊர் ஆஸ்பத்திரியில் எந்த மிஷினும் ஓடியிருக்காது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இல்லாததைக் கேட்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது அவளுக்கு. எனக்குப் பொறுக்கவில்லை.

"அட, கேளுங்கம்மா! இங்க எல்லாம் இருக்கு!"

திகைத்துப்போய், மளமளவென்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஃப்ரேசியா, உங்களை யாரு பேசச் சொன்னா?" என்றார் இதுர்ரா. "இந்த ரூம் ரத்து."

அந்த ஒரு அறையால் அவளுடைய தேர்வே போயிற்று. நான் வாயைத் திறந்தபோது இன்னும் மூன்று நிமிடம் மீதி இருந்தது. அவளுக்கே நினைவு வந்திருக்கும். பாவி நான்.

வராந்தாவில் அவளைப் பிடித்தேன். "என்னை ரெண்டு அறை விடுங்கம்மா."

"விடுங்கக்கா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க, இங்க நெஜமாவே எல்லாம் இருக்கா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எங்க ஊர் ஆஸ்பத்திரியில ஈ.சி.ஜி. மிஷின் போன குளிர்காலத்துலேர்ந்து ஓடல."

"அப்ப நெஞ்சுவலின்னு வந்தா டாக்டர் என்ன பண்றாரு?"

"டாக்டர் ஏதும்மா? ஒன்றரை வருஷமா அந்த வேலைக்கு ஆளே இல்ல."

அவள் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள். மூன்று மணிக்கு அவளுக்குக் கடையில் வேலை.