மத்தியானப் பெரட்டு

1943, ஜப்பானியர் ஆட்சிக்காலம். புக்கிட் செலம்பாவ் ரப்பர் தோட்டத்துக்கு மேலிருந்த காட்டில், எந்தக் கிழங்கைத் தின்னலாம் என்று வாத்தியார் மனோகரன் மாணவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது கீழே பெரட்டு மணி ஒலித்தது. கம்பியில் தொங்கும் தண்டவாளத் துண்டு அது. எதிலும் படாமல் தொங்குவதால் அதன் ஒலி மலைவரை எட்டும். கேட்டதும் ஓடிப்போய் ஆள் கணக்குக்கு வரிசையில் நிற்பது தோட்டத்துப் பழக்கம். பிள்ளைகளும் எழுந்தார்கள்.

"உட்காருங்க எல்லாரும்! விடியக்காலையில அடிக்கிற மணி மத்தியானத்துல எதுக்கு? ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறான்லா, போனவன் எவனும் திரும்பல!"

"அப்பா பழக்கத்துல ஓடியிருப்பாரு சார்! நான் போய்ச் சொல்றேன்," என்று இராசாத்தி பாய்ந்தாள்.

வாத்தியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கடித்தாள், அவர் விடவில்லை. மணி நின்றது. வரிசை நிரம்பினால்தான் அது நிற்கும். சற்று நேரத்தில் அவள் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு லாரிகள் கிளம்பின.