ஸ்பிரிட் துணி

பொங்கலுக்கு வந்த மகள் பாண்டிச்செல்வி, ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவிடம் ஒரு வேலையை ஒப்படைத்தாள். வழவழப்பான வெள்ளை டைல்ஸ் ஒன்றில் ஸ்பிரிட் கலந்த கலர் மையைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்ட்ராவால் ஊதி ஊதிக் கனகாம்பரப் பூக்களை விரித்திருந்தாள்.

"இதுமேல ஸ்ப்ரே வார்னிஷ் அடிச்சு வைங்கப்பா. தள்ளி நின்னு லேசா அடிங்க. காயவிட்டுத் திரும்ப அடிங்க. சித்திரைல வந்து எடுத்துக்கிடுறேன்."

ஓசூருக்கு வாக்கப்பட்டுப் போனவள், வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்த்தாலே பெரிய காரியம். மனைவியும் போய்ச் சேர்ந்தபின் ரத்தினசாமிக்கு வீட்டில் பேச்சுத்துணை ரேடியோதான். சித்திரையில் மகள் வர அந்த டைல்ஸ் ஒன்றுதான் காரணம். அதைச் சாமிபடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சிவகாசியில், வண்டிக்குப் பெயிண்ட் விற்கும் கடையில் ஸ்ப்ரே டப்பா வாங்கிவந்தார். முற்றத்தில் ஸ்டூல் போட்டு டைல்ஸை வைத்தார். பூவின் மேல் விரல் பட்ட கறை ஒன்று தெரிந்தது.

திருத்தங்கலில் தகரத்திலும் பிளாஸ்டிக்கிலும் கடைப்பலகை அச்சடிக்கும் பட்டறை அவருடையது. வார்னிஷ் ஏற்றுமுன் ஸ்பிரிட் துணியால் ஒரு துடை துடைப்பது அங்கே பழக்கம். பட்டறை மை காய்ந்துவிட்டால் ஸ்பிரிட்டுக்கு அசையாது. இதுவோ ஸ்பிரிட்டிலேயே கரைத்த மை. பாழாய்ப்போன கைக்கு அது எங்கே தெரிந்தது? ஸ்பிரிட் துணியின் ஒரே இழுப்பில் தோட்டமே செம்மஞ்சள் தண்ணீராக வழிந்தது. பெருவிரலை ஊன்றியிருந்த மூலையில் ஒரு பூ மட்டும் தப்பியது.

டைல்ஸைத் திரும்பச் சாமிபடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். மகளிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் வருவாளா என்பதே கவலையாகிவிட்டது. பங்குனியில் அவள் போன் செய்தபோது மென்று விழுங்கி ஒருவழியாகச் சொல்லிவிட்டார்.

அவள் சிரித்தாள். "அதையா நினைச்சுக்கிட்டு இருக்கீக? நான் இங்கனயே வேற ரெண்டு போட்டு மாட்டிட்டேன்பா. சித்திரைல வர முடியாது, அவுகளுக்கு லீவு இல்ல. நீங்க சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேம்மா."

போனை வைத்துவிட்டு டைல்ஸை முற்றத்துக்கு எடுத்துப்போனார். தள்ளி நின்று லேசாக அடித்தார். காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எடுத்துப்போக யாரும் வராத ஒற்றைப் பூவுக்கு எதற்கு இத்தனை பக்குவம் என்று மனசு இடித்தது. ஆனாலும் அவள் சொன்னபடி இரண்டாம் தடவையும் அடித்துவிட்டுத்தான், சோறு பொங்க அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.